வில்லும் கிட்டாரும் சேர்ந்த ஆல்பத்தை வெளியிடும் முறை

அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேரூன்றிய கன்ட்ரி இசையை ராக், பங்க் இசையின் வேகத்தோடு சேர்த்து வாசிப்பதை ஆல்ட்-கன்ட்ரி என்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரிலிருந்து வந்த அங்கிள் டுபெலோ குழு 1990இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை அந்த வகைக்குத் தொடக்கமாகப் பலரும் சுட்டுகிறார்கள். குமரி மாவட்டத்தில் தேவாலயப் பாடகர் குழுக்களில் கிட்டார் பழகியவர்கள் வில்லுப்பாட்டுப் புலவர்களோடு சேர்ந்து பாட்டுக் கட்டும்போதும் ஏறக்குறைய அதே வேலைதான் நடக்கிறது. அப்படிப்பட்ட குழு ஒன்று தன் ஆல்பத்தைப் பதிவு செய்து வெளியிடுவதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

தேதி குறிப்பதற்கு முன் புலவரின் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோவில்களில் கொடை என்னும் திருவிழா நடக்கும்; அந்த நாட்களில் நல்ல புலவருக்கு ஓய்வே இருக்காது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்வதால், ஓட்டுக் கூரையின் கீழ் அப்போது பதிவு செய்ய இயலாது. தை மாதமே இதற்கு ஏற்றது என்பது என் கருத்து. அந்த மாதத்தில் பதிவை முடித்துவிட்டால் ஒலிக்கலவைக்கு மாசி, பங்குனி இரண்டும் கிடைக்கும், சித்திரையில் வெளியிடலாம்.

பதிவில் மிகுந்த கவனம் வில்லுப்பாட்டில் தட்டி வாசிக்கும் குடத்துக்குத் தேவைப்படுகிறது. மண்குடத்தின் சுருதியை நம்மால் மாற்ற முடியாது. ஆகவே முதலில் குடத்தைத் தட்டி அதன் சுருதியைக் கண்டறிந்து, கிட்டாரை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆர்மோனியமும் இருந்தால் கிட்டாரையும் நகர்த்த வழியில்லை; அப்போது இரண்டு மூன்று குடங்களைக் கொண்டுவரச் சொல்லி, பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதை அறியாமல் ஒருமுறை நாங்கள் கிட்டாரை முழுவதும் பதிவு செய்த பிறகு குடத்தைச் சேர்த்தோம். நான்கு பாட்டுகளை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று.

குடத்தின் வாய்க்கு நேர் எதிரே மைக்கை வைத்தால், தட்டும் மட்டை விழும்போது வெளியேறும் காற்று மோதி ஒலி சிதறிவிடும். ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்வாக வையுங்கள். பேஸ் டிரம்முக்குப் பயன்படுத்தும் மைக்கே போதும். வில்லில் கட்டிய மணிகளின் ஒலி மிக மெல்லியது, அதற்கு வேறொரு கண்டென்சர் மைக் வேண்டும். குடமும் பேஸ் கிட்டாரும் தாழ்ந்த ஒலியில் ஒன்றையொன்று மறைக்கும் என்பதால், குடம் விழுகிற இடங்களில் பேஸ் கிட்டாரை ஒதுங்கி வாசிக்கச் சொல்லுங்கள். இதைக் கலவையில் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை.

எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து சேர்ந்து வாசிப்பதையே பரிந்துரைக்கிறேன். அங்கிள் டுபெலோவும் தன் நான்காவது ஆல்பத்தை 1993இல் பெரும்பாலும் அப்படித்தான் பதிவு செய்தது. வலத்தே பாடுபவரும் இடத்தே பாடுபவரும் முகம் பார்த்துப் பாட்டை வாங்கிக்கொள்ளும் முறை, சீராகக் காலம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் ஓசைக்குக் கட்டுப்படாது. புலவர் வில்லில் அடிக்கும் வீசுகோலே அங்கே காலம் காட்டுகிறது.

அங்கிள் டுபெலோ குழு 1994இல் பிரிந்து, அதிலிருந்து வில்கோ, சன் வோல்ட் என இரண்டு குழுக்கள் உருவாயின. எந்தக் குழுவுக்கும் அது நேரலாம் என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். பழைய கதைக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அந்தக் கதைக்குப் புலவர் புதிதாகக் கட்டிய வரிகள் அவருடையவை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய பங்கை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாதுகாப்பளிக்கிறது. புலவருக்கு ஒருநாள் கூலியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

கலவை முடிந்த பாட்டுகளை வெளியீட்டுக்காக இறுதியாகச் சீராக்கும் மாஸ்டரிங் வேலையைச் செய்பவரிடம் ஒலியை அளவுக்கு மீறி உயர்த்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டுகளையும் ஒலியின் உரப்பை அளக்கும் எல்.யூ.எஃப்.எஸ். அலகில் சுமார் மைனஸ் 14 அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால், அழுத்தி உயர்த்திய ஒலியால் பயன் ஏதுமில்லை, குடத்தின் அடி மட்டும் மழுங்கிப்போகும்.

இணையத்தில் வெளியிட ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டின் பதிவையும் தனியே அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வேண்டும், அதைப் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அட்டைப்படம் 3000 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட சதுரமாக இருக்கட்டும். குழுவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையை ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள்; மாற்றினால் பாட்டுகள் இரண்டு கணக்குகளில் பிரிந்துவிடக்கூடும். நான்கு வாரங்களுக்கு முன்பே கோப்புகளைக் கொடுத்துவிட்டால், ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க நேரம் இருக்கும்.

இணையத்தோடு நிறுத்திவிடாமல், பென் டிரைவில் பாட்டுகளை ஏற்றி, நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் மினி பேருந்து ஓட்டுநர்கள் சிலருக்கும், கொடை விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்களுக்கும் நேரில் கொடுங்கள். முதல் பிரதியைப் புலவரின் வீட்டுக்குக் கொண்டுசென்று, அவரோடு அமர்ந்து முழுவதும் கேளுங்கள்.