புத்தாக்கத்தை ஆய்வு செய்யப் போகிறீர்களா? பழுது பார்ப்பவரிடம் முதலில் பேசுங்கள்

என்னிடம் ஆய்வுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ‘வளரும் பொருளாதாரங்களில் தொழில்நுட்பப் புத்தாக்க மேலாண்மை’ என்று முழு நீளத் தலைப்போடு வருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாடு, ஒரு தொழில், அதில் ஒரு தொழில்நுட்பம் என்று சுருக்குங்கள். அப்புறம் கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்ததை இவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?

தொழில்நுட்பம் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்து ஆலைக்குப் போவது பணக்கார நாடுகளின் வரிசை. தென் கொரிய மின்னணு நிறுவனங்களைப் பார்த்த ஆய்வாளர் லின்சு கிம், 1980இல் அதைத் திருப்பிப் போட்டார். முதலில் வாங்குவது, பிறகு உள்வாங்குவது, அதன் பின்தான் மேம்படுத்துவது. 1975இல் உற்பத்திக்கு வந்த ஹூண்டாய் போனி காருக்கு உருவம் இத்தாலியில் வரையப்பட்டது. எஞ்சின் தொழில்நுட்பம் மிட்சுபிஷியுடையது. ஆல்ஃபா என்ற சொந்த எஞ்சின் 1991இல்தான் வந்தது. உங்களுக்கான சரக்கு அந்த இடைவெளியில் இருக்கிறது.

காப்புரிமை எண்ணிக்கை சுலபமாகக் கிடைக்கும் என்பதாலேயே புத்தாக்கத்தை அளக்க எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் ஒருவர் அச்சை மாற்றிப் பார்த்துக் கழிவைக் குறைத்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இந்தக் குறையை மனதில் வைத்துத்தான் லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் புத்தாக்கத்தை அளப்பதற்கு வழிகாட்டும் பொகோட்டா கையேட்டைக் கொண்டுவந்தார்கள். கேள்வித்தாள் தயாரிக்கும் முன் அதைப் புரட்டிப் பாருங்கள்.

களத்தில் நிர்வாக இயக்குநரின் பேட்டியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவர் விளம்பரத்தில் இருப்பதையே சொல்வார். மெயின்டனன்ஸ் ஆளிடம் போய், “மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? முன்பு யாரைக் கூப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சப்ளையரிடமிருந்து உள்ளூர் பட்டறைக்கு மாறிய ஆண்டு தெரிந்துவிட்டால், கற்றலுக்கு ஒரு தேதி கிடைத்த மாதிரி. திருத்தங்கள் குறித்த பழைய டிராயிங்குகளையும் கேட்டு வாங்குங்கள். நினைவு ஏமாற்றும், டிராயிங்கில் தேதி இருக்கும்.

சட்டம் மாறிய ஆண்டுகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளில் தயாரிக்கும் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. 2005இல் மருந்துப் பொருளுக்கே உரிமை வந்தது. ஒரே நிறுவனத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இதைவிட நல்ல கோடு கிடைப்பது அரிது. சில இடங்களில் ஒழுங்குமுறையாளரே கதையின் பாதி. கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையைத் தொடங்க, வங்கி உரிமம் இல்லாத ஒரு தொலைபேசி நிறுவனத்தை மத்திய வங்கி அனுமதித்தது. அந்த முடிவை விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் ஆராய்ந்தால் ஆய்வு நொண்டும்.

இன்னொன்று, மூடிய நிறுவனங்களைத் தேடுங்கள். தொழில் சங்கங்களின் பழைய உறுப்பினர் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காணாமல் போன பெயர்கள் தெரியும். அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் பிழைத்த நிறுவனங்களில்தான் இருப்பார்கள். பேட்டியை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.