புது சாஃப்ட்வேர் அறிவிப்பா? மெயிலுக்கு முன் குடோனுக்குப் போங்கள்

கம்பெனியில் பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விட்டு இஆர்பிக்கு (ஸ்டாக், கணக்கு, டெஸ்பாட்ச் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் சாஃப்ட்வேர்) மாறப் போகிறீர்கள் என்றால், எல்லோருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டோர் கீப்பர் அதைப் படிக்கவே மாட்டார். டீக்கடையில்தான் கேள்விப்படுவார், அதுவும் "ஆளைக் குறைக்கிறாங்களாம்" என்று.

சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் முன்பே நேரில் சொல்லுங்கள். ஊழியர்கள் முதலில் கேட்பது அவர்களைத்தான். "எனக்கே தெரியாதுப்பா" என்று அவர் கையை விரித்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். பிறகு ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச் என்று தனித்தனியாக 20 நிமிடம் ஒதுக்குங்கள். கையில் தமிழில் ஒரே பக்கத் தாள்: யார் வேலையில் எது மாறும், எது மாறாது, எந்தத் தேதியிலிருந்து, சந்தேகத்துக்கு யாரைக் கூப்பிடுவது. முடிவாகாததற்கு "இன்ன தேதிக்குள் சொல்கிறோம்" என்று எழுதினால் போதும். உறுதியாகத் தெரியாமல் "யார் வேலையும் போகாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அக்கவுண்ட்ஸ்காரர்களை மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டிக் கூப்பிட வேண்டாம். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குகளான ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல் நெருக்கடியில் எதுவும் காதில் ஏறாது.

அதிகம் முணுமுணுப்பவரையே சோதனை என்ட்ரி போடச் சொல்லுங்கள். ஸ்கிரீனில் விட்டுப்போன கட்டத்தை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.