கடைக்கு மென்பொருள் எடுக்கும்போது விடும் பிழைகள்

தலவாக்கலையில் புதிதாகக் கடை போட்ட தம்பி ஒருவர் போன வாரம் வந்து, "அண்ணே, திறந்த மூலமா, காசு கொடுத்து வாங்குறதா, எது மலிவு?" என்றார். திறந்த மூலம் என்றால், உள்ளே எழுதியிருக்கும் நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள். 2013இல் ஹட்டனில் என் கடைக்கு பில் போடும் மென்பொருள் தேடியபோது நானும் இதையேதான் கேட்டுத் திரிந்தேன். பாஸ்வேர்ட், வைரஸ் பற்றியெல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். காசைக் கொட்டி நான் படித்ததை மட்டும் சொல்கிறேன்.

கணக்கை வெளியே எடுக்க வழி கேட்காதது

நான் வாங்கியது உள்நிரலைக் காட்டாத மூடிய மென்பொருள். யூஎஸ்பியில் டொங்கிள் என்ற சாவி போன்ற சிறு கருவி ஒன்றைச் செருகினால்தான் திறக்கும். ஆறு வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு அதைச் செய்து கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் டொங்கிள் செத்தது. தோட்டத்து ஆட்களின் கடன் பாக்கி அத்தனையும் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. கணக்கெல்லாம் கிடக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் அவரிடம். நானே காசு கொடுத்து, நானே தட்டிய என் கணக்கு எனக்குத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மிஞ்சியது எப்போதோ எடுத்து வைத்த எக்செல் கோப்பு ஒன்று. வேறு கொம்பியூட்டரில் திறந்தால் செல்லம்மாவும் இல்லை, முனியாண்டியும் இல்லை. வரிசை வரிசையாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பெயர்களெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். எந்தக் கொம்பியூட்டரிலும் தெரியும் யூனிகோட் எழுத்தாக்கும் மாற்றியில் போட்டுப் பெயர்களை மீட்டேன். பாக்கித் தொகை பழசு. சம்பளத்தன்று ஆட்கள் வந்து "முதலாளி, எனக்கு எவ்வளவு?" என்று கேட்க, "நீங்களே சொல்லுங்க" என்றேன். பெரும்பாலானோர் சரியாகத்தான் சொன்னார்கள். சிலர் அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

ஆகவே, காசு கொடுக்கும் முன் விற்பவரை உட்காரவைத்து, வாடிக்கையாளர், சரக்கு, பாக்கி மூன்றையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளும் படிக்கும் வெறும் எழுத்து அட்டவணை) எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை வேறொரு கொம்பியூட்டரில், எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸில் திறந்து பாருங்கள். "பீடிஎஃப் தருவோம்" என்றால் அது பதிலில்லை; அது படிக்கத்தான் உதவும், வேறு மென்பொருளில் ஏற்ற உதவாது. மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த மூல டேட்டாபேஸ் என்றால், செய்தவர் போனாலும் வேலை தெரிந்த இன்னொருவர் எடுத்துத் தருவார். அதற்கும் பாஸ்வேர்ட் உங்கள் கையில் இருக்கவேண்டும். முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

திறந்த மூலம் என்றால் இலவசம் என்று நினைப்பது

திறந்த மூல மென்பொருள் பலவற்றுக்கு உள்ள ஜிபிஎல் என்ற உரிமம், மென்பொருளைக் காசுக்கு விற்பதைத் தடுப்பதே இல்லை. இறக்குவது சும்மா என்றாலும், நிறுவ, பக்கப் எடுக்க, சனிக்கிழமை இரவு நின்றுபோனால் வந்து பார்க்க ஆள் வேண்டும். அவர் கண்டியிலிருந்து வரவேண்டுமென்றால் வான் கூலியும் உங்கள் தலையில்.

டொலர் சந்தா

சில மென்பொருளுக்கு மாதா மாதம் டொலரில் சந்தா கட்டவேண்டும். 2022 தொடக்கத்தில் இலங்கையில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மாதம் 20 டொலர் கட்டியவருக்கு 4,000 ரூபாய் 7,000 ஆனது.

களவுப் பிரதி

வேண்டாம் என்றேன். தம்பி தலையைச் சொறிந்தார். கடையில் ஓடும் விண்டோஸே அப்படித்தான் போலிருக்கிறது.