மருந்தைக் கண்டாலே தலையைத் தூக்கும் குதிரைக்கு மருந்து கொடுப்பது எப்படி?

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். மருந்து என்றால் மூடுவதோடு நிற்காது. தலையை நம் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி, இரண்டடி பின்னால் போய், காதை மடக்கிக்கொண்டு நிற்கும். முதல்முறையாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் அழுகையே வந்துவிடும். எனக்கு வந்தது.

எங்கள் குதிரை பவளம் காத்தியவாரி இனம். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினோம். அந்த இனத்துக்கே உரிய, நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகள். வாங்கிய வருடமே மழைக்காலத்தில் முன்னங்காலைக் கம்பி கிழித்து, ஆழமாகச் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வேளைக்கு 12 மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். பாதி மாத்திரை நாக்கில் கரைந்தாலே எப்படிக் கசக்கும் என்பது வயிற்றுப்போக்குக்கு அதை விழுங்கியவர்களுக்குத் தெரியும். முதல் மூன்று வேளை இரண்டு பேர் பிடித்து வைத்து வாயில் ஊற்றினோம். நான்காவது வேளைக்கு என் காலடிச் சத்தம் கேட்டதுமே லாயத்தின் மூலைக்குப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த 21 வேளையிலும், அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: டாக்டரிடம் கேளுங்கள்

மருந்துச் சீட்டோடு கிளம்பிவிடாதீர்கள். நான்கு விஷயம் கேட்க வேண்டும். மாத்திரையைப் பொடிக்கலாமா? தீவனத்தோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா? பாதி துப்பிவிட்டால் என்ன செய்வது? பொடிக்கும்போது என் கையில் படலாமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. குளோரம்பெனிக்கால் போன்ற மருந்தின் தூள் மனித உடம்பில் சேர்ந்தால், அபூர்வமாக, எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும். அதனால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பொடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிறா, தீவனத்தோடா என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். இரைப்பைப் புண்ணுக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல் பேஸ்டைத் தீவனத்துக்கு முன்னால் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்வார்கள். வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் வகையறா இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. அவற்றைத் தீவனத்தோடு கொடுக்கச் சொல்வதுதான் வழக்கம்.

இரண்டாம் படி: எடையைக் கணக்கிடுங்கள்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம். உள்ளே போன மருந்து போனதுதான், திரும்பி வராது. அதனால் அளவில் தவறக்கூடாது. அந்த அளவு எடையைப் பொறுத்தது. கண் மதிப்பில் 'முந்நூறு கிலோ இருக்கும்' என்று சொல்வது போதாது.

தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை ஒரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வந்துவிடும். பவளத்துக்கு 165, 145 வந்தது. கணக்குப் போட்டால் சுமார் 332 கிலோ. நான் அதுவரை 400 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கு வளர்ந்த குதிரைக்குத்தான், குட்டிக்குப் பொருந்தாது.

மூன்றாம் படி: அடமா, வலியா?

தீவனத்தையே ஒதுக்கும் குதிரையை அடம்பிடிக்கிறது என்று சொல்லாதீர்கள். கடைவாய்ப் பல் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்திக்கொண்டிருக்கலாம், வயிறு வலிக்கலாம். மெட்ரோனிடசோலே சில குதிரைகளுக்குப் பசியைக் குறைத்துவிடும். வெறும் கொள்ளையும் புல்லையும் ஆசையாகத் தின்று, மருந்து கலந்ததை மட்டும் ஒதுக்கினால்தான் அது கசப்பின் பிரச்சினை. மற்றபடி உடனே டாக்டருக்கு ஒரு போன்.

நான்காம் படி: தீவனத்தில் கலந்து பாருங்கள்

குதிரையின் மேலுதட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? விரல் போல வேலை செய்யும். முழு மாத்திரையைத் தவிட்டில் புதைத்து வைத்தேன். பவளம் பொறுமையாக எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனாள். தொட்டியின் அடியில் மாத்திரைகள் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி நக்கிச் சுத்தம் செய்யப்பட்டுக் கிடந்தன. ஆகவே பொடித்துத்தான் ஆக வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு சின்ன உரல் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் உரலைத் தொடாதீர்கள்.

பொடி உலர்ந்த தீவனத்தில் ஒட்டாது, அடியில் தங்கிவிடும். ஈரமும் பிசுக்கும் வேண்டும். நான் கலப்பது இப்படி: இரண்டு கைப்பிடி கோதுமைத் தவிடு, வேகவைத்து ஆறவைத்த கொள்ளு ஒரு கைப்பிடி, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, ஒரு ஸ்பூன் வெந்தயப் பொடி, கொஞ்சம் கரைத்த கருப்பட்டி. உருட்டினால் உருண்டை நிற்கும் பதம்.

வெந்தயமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் குதிரைகளுக்குப் பலவித வாசனை கலந்த தீவனங்களைக் கொடுத்து எது பிடிக்கிறது என்று பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில் வெந்தயமும் வாழைப்பழமும் முன்னால் வந்தன. சீரகமும் நல்ல இடம் பிடித்தது. நம் அஞ்சறைப் பெட்டியிலும் தோட்டத்திலும் இருக்கிற பொருள்கள்! பவளத்துக்கு ஆப்பிளைவிட வெந்தயம்தான் உயிர்.

இங்கே மூன்று விஷயத்தை மறக்காதீர்கள்.

மருந்து இல்லாத கலவையை முதலில் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பழக்குங்கள். அவசர மருந்து என்றால், மருந்து இல்லாத ஒரு உருண்டை, மருந்து உள்ளது, மீண்டும் இல்லாதது என்று கொடுங்கள்.

மருந்தை முழுத் தீவனத்தில் கலக்காதீர்கள். நாலு வாயில் முடிகிற அளவில்தான் கலக்க வேண்டும். பாதி மீதி வைத்தால் எவ்வளவு மருந்து போனது என்று உங்களால் சொல்ல முடியாது. அதைவிட, தன் சாப்பாட்டுத் தொட்டியையே குதிரை சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். குடிநீரில் கலப்பது அதைவிட ஆபத்து. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் குடல் அடைத்து வயிற்றுவலி வந்துவிடும்.

அப்புறம், இனிப்பு எல்லாக் குதிரைக்கும் ஆகாது. குளம்புக்குள் வீக்கம் வரும் லேமினைட்டிஸ் வந்த குதிரைக்கும், உடம்பு அதிகமாகப் போட்ட குதிரைக்கும் கருப்பட்டி, பழம் வேண்டாம். நனைத்த குதிரைமசால் (லூசர்ன்) தழையில் வெந்தயம் கலந்து பாருங்கள். கையில் கிடைத்த கோழித் தீவனத்திலோ மாட்டுத் தீவனத்திலோ கலக்கவே கூடாது. சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து இருக்கும். கோழிக்கு நல்லது, குதிரைக்குக் கொஞ்சம் போனாலும் இதயத்தைத் தாக்கும்.

ஐந்தாம் படி: சிரிஞ்சு

மெட்ரோனிடசோல் அளவு கசப்பு என்றால் தீவனத்தில் மறைப்பதற்காகப் போராடாதீர்கள். நேராக வாயில் கொடுப்பதே இருவருக்கும் நிம்மதி. ஊசி இல்லாத 60 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள், முனை அகலமாக உள்ளது. பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, மசித்த வாழைப்பழமும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துக் குழையுங்கள். தண்ணீராக இருந்தால் வழிந்துவிடும். இட்லி மாவைவிடக் கெட்டியாக, நாக்கில் ஒட்டுகிற பதம் வேண்டும்.

அந்தியூரில் ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மொதல்ல கன்னத்தைக் கேளு கண்ணு. அப்புறம் வாயைக் கேளு." அதைத்தான் செய்தேன். நான்காவது வேளைக்கு முன்னால் அரை மணி நேரம் வெறும் சிரிஞ்சால் அவள் கழுத்தைத் தடவினேன். கழுத்திலிருந்து தாடை, தாடையிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து உதட்டோரம். தலையைத் தூக்கினால் கையை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. தலையோடு சேர்ந்தே கையும் போனது. ஒரு நொடி அசையாமல் நின்றாள். அந்த நொடியில் சிரிஞ்சை எடுத்துவிட்டேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது. குதிரை உதறும்போது எடுத்தால் 'உதறினால் போய்விடும்' என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது எடுத்தால் 'நின்றால் போய்விடும்' என்று கற்றுக்கொள்ளும்.

இனி கொடுக்கும் முறை.

வாயில் புல் இருக்கக் கூடாது. இருந்தால் மருந்தை அதோடு சேர்த்து உருட்டி வெளியே தள்ளிவிடும். முதலில் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வையுங்கள்; அதே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கன்னத்துக்குள் விட்டால் போதும்.

ஹால்டர் (கடிவாள இரும்பு இல்லாத தலைப்பட்டை) போட்டு, கயிற்றை ஒருவர் தளர்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். கம்பத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள், பயந்து பின்னால் இழுத்தால் கழுத்தை முறித்துக்கொள்ளும். நீங்கள் குதிரையின் இடது தோளோடு ஒட்டி, அது பார்க்கும் திசையிலேயே பார்த்து நில்லுங்கள். நேர் எதிரே நிற்கக் கூடாது. தலையை வீசினால் உங்கள் முகத்தில்தான் படும்.

வலது கையை மூக்குத் தண்டின் மேல் மெதுவாக வையுங்கள். இடது கையில் சிரிஞ்சு. உதட்டோரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று இருக்கும். கடிவாள இரும்பு உட்காருகிற அதே இடம். அங்கே முனையை நுழைத்து, நாக்கின் மேல், பின்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக அழுத்துங்கள். கெட்டியான மருந்தாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாக. நீர்மருந்தாக இருந்தால் ஒரு தடவைக்கு 5 அல்லது 10 மில்லிக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் விழுங்கியபின் அடுத்தது.

விழுங்கியதா என்று எப்படித் தெரியும்? கழுத்தின் இடது பக்கப் பள்ளத்தைப் பாருங்கள். உணவுக்குழாய் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. சின்ன அலை ஒன்று மேலிருந்து கீழே இறங்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பேஸ்ட் மருந்து என்றால் முகவாயின் கீழே கை கொடுத்துக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கலாம், விழுங்கும்வரை மட்டும். மூக்கு கண்ணுக்கு மேலே போகக் கூடாது. குடற்புழுவுக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட் சிரிஞ்சில் எடை அளவு பதிந்திருக்கும். தண்டில் உள்ள வளையத்தை உங்கள் குதிரையின் எடைக்கு நகர்த்தித் திருகி இறுக்கிய பிறகே வாயருகே கொண்டுபோங்கள். இறுக்காமல் விட்டால் ஒரே அழுத்தில் முழுக் குழாயும் உள்ளே போய்விடும்.

பாட்டிலில் ஊற்றாதீர்கள்

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டிப் பழகிய வீடுகளில், குதிரைக்கு வயிறு வலித்தால் தலையைக் கயிறு போட்டு உத்திரத்துக்குத் தூக்கி, பாட்டிலில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். தலை அண்ணாந்திருக்கும்போது விழுங்குவது கடினம். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கும். வயிற்றுவலி தீர்ந்தாலும் நிமோனியாவில் போய்விடும். கண்ணாடிப் பாட்டிலைக் கடித்து உடைத்தால் வேறு விபரீதம். லிட்டர் கணக்கில் கொடுக்க வேண்டியதை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித்தான் கொடுக்க வேண்டும்.

அதேபோல், காதை முறுக்கிப் பிடிக்காதீர்கள். இன்று வேலை முடியும். நாளையிலிருந்து தலையில் ஹால்டர் போடவே விடாது.

இடையில் சிக்கல் வந்தால்

இருமினாலோ, மூக்கில் மருந்து வந்தாலோ அப்படியே நிறுத்தி, தலையைத் தாழ விடுங்கள். இருமல் தொடர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். துப்பிவிட்டால் குத்துமதிப்பாக இன்னொரு வேளை கொடுக்க வேண்டாம். எவ்வளவு துப்பியது என்று சொல்லிக் கேளுங்கள். கால் புண் ஆறின மாதிரி தெரிகிறது என்று ஐந்தாம் நாளே நிறுத்தவும் வேண்டாம். எதற்கும் மசியவில்லை என்றால், ஊசியாகக் கொடுக்க வழி உண்டா என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

மருந்து முடிந்த பிறகு

கொடுத்து முடித்ததும் ஓடிவிடாதீர்கள். ஒரு கேரட், கழுத்தில் கொஞ்சம் சொறிதல், இரண்டு நிமிடம் சும்மா பக்கத்தில் நிற்பது. சிரிஞ்சைக் கழுவி, தேதியும் நேரமும் அளவும் சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதுங்கள். வீட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால், எழுதாமல் விட்ட வேளையை இன்னொருவர் திரும்பக் கொடுத்துவிடுவார்.

மருந்து இல்லாத நாள்களிலும் வாரம் ஒருமுறை சிரிஞ்சில் வெறும் வாழைப்பழமும் வெந்தயமும் எடுத்துக்கொண்டு போகிறேன். இப்போது லாய ஜன்னலில் சிரிஞ்சைப் பார்த்தால் பவளம் தானே வந்து உதட்டை நீட்டுகிறாள், காது இரண்டும் முன்னால் திரும்பி நுனி தொட்டபடி. அடுத்த மாதம் அவள் லத்தியை (சாணத்தை) பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதில் புழு முட்டை அதிகம் என்று வந்தால் மறுபடியும் பேஸ்ட். அதற்காக இந்த வாரமே இரண்டு தடவை வாழைப்பழம் கொடுத்தாகிவிட்டது.