பைப்படியை வரைபடத்தில் எங்கே வைப்பது?

மக்கள் நேர்காணலில் சொல்லும் இடங்களையும் கதைகளையும் வரைபடத்தில் பதிவதற்காக, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குள் (நெருக்கமான வரிசை வீடுகள்) குடியிருக்கும் ஆச்சி ஒருவரிடம், "தண்ணிக்கு எங்க போவீங்க?" என்று கேட்டேன். "பைப்படிக்குத்தான். எல்லாக் கதையும் அங்கதான் வரும், எல்லாச் சண்டையும் அங்கதான் வரும்" என்றார். வீட்டுக்கு வந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்து அந்தப் பொதுக் குழாயில் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த முறை கொண்டுபோய்க் காட்டியபோது ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. திரையில் விரலால் ஒரு வளையம் போட்டார். வாளி வரிசை நிற்கிற ஒழுங்கை, பெண்கள் குந்தியிருக்கிற எதிர்வீட்டுப் படி, மூலைக்கடை, அவ்வளவும் பைப்படி.

கோயிலடி, சந்தியடி, ஆலடி என்று சொல்கிறவர் ஒரு புள்ளியைச் சொல்வதில்லை. அதைச் சுற்றியிருக்கிற புழக்கத்தைச் சொல்கிறார். ஆகவே நேர்காணலில் 'அடி' வந்தால் பரப்பாக வரையுங்கள். போய்வந்த வழியைச் சொன்னால் கோடு. புள்ளி, கதவிலக்கம்போல ஓரிடத்தில் நிற்கிறதுக்கு மட்டும்.

களத்துக்குப் போகும்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து அந்தப் பகுதியை ஏ3 தாளில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். பேனையை அவர்கள் கையில் கொடுங்கள். ஒலிப்பதிவு ஓடும்போது, "இப்ப சிவப்புப் பேனையால லூசியா கோயில் பக்கம் போறீங்க" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு மாதம் கழித்துப் பதிவைக் கேட்கும்போது, "இங்கேருந்து அங்கே" என்பது எந்தக் கோடு என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை. கூட நடந்துகொண்டே கதைப்பதானால் கைத்தொலைபேசியில் ஜிபிஎஸ் தடத்தையும் பதியுங்கள். ஒலிப்பதிவின் நேரமும் தடத்தின் நேரமும் பொருந்தும். நெருக்கமான மாடிக் கட்டடங்களுக்கிடையில் தடம் விலகும், அதைக் கையால் திருத்தவேண்டும்.

பிறகு அட்டவணைகள். பலர் ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று தொடங்குகிறார்கள். அது சரிவராது, ஏனென்றால் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் பத்து இடங்களைச் சொல்லுவார். இரண்டு அட்டவணை வையுங்கள். ஒன்று இடங்களுக்கு: இடக்குறி, மக்கள் வழங்கும் பெயர், வரைபடத்தில் உள்ள பெயர். மற்றது கூற்றுகளுக்கு: கூற்றுக்குறி, யார் சொன்னது (பெயரல்ல, இலக்கம்), அவர் சொன்ன சொற்கள் அப்படியே, கருப்பொருள், எந்தக் காலத்தைப் பற்றியது, இடக்குறி. இடக்குறிதான் இரண்டையும் கட்டுகிற கயிறு.

கியூஜிஐஎஸ்ஸில் இவற்றை 'ஜொயின்' போட்டு இணைக்காதீர்கள். ஜொயின் ஓர் இடத்துக்கு ஒரு கூற்றை மட்டுமே ஒட்டும், மிச்சம் காணாமல் போகும். புரொஜெக்ட் புரொப்பர்ட்டீஸில் 'ரிலேஷன்ஸ்' இருக்கிறது. அங்கே இடங்கள் உள்ள லேயரை (வரைபட அடுக்கை) பெற்றோராகவும் கூற்று அட்டவணையைப் பிள்ளையாகவும் வையுங்கள். பைப்படியின் படிவத்தைத் திறந்தால் அதைப் பற்றிச் சொன்ன எல்லாருடைய வார்த்தையும் வரிசையாக வரும். பரப்பு, கோடு, புள்ளி மூன்றுக்கும் தனி லேயர் தேவை, மூன்றுக்கும் தனித்தனி ரிலேஷன்.

அட்டவணைகளை எக்செல்லில் சிஎஸ்வி (வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமிக்கும்போது, தமிழ் எழுத்தைக் காக்கும் யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டேன், நாற்பது கூற்றுகள் கேள்விக்குறிகளாக வந்தன. புள்ளிகளைச் சிஎஸ்வியிலிருந்து கியூஜிஐஎஸ்ஸுக்குள் ஏற்றும்போது, எக்ஸ் என்பது நெடுங்கோடு, கொழும்புக்கு 79.8 அளவில். வை அகலக்கோடு, 6.9 அளவில். மாற்றிக் கொடுத்தால் கொட்டாஞ்சேனை ஆர்க்டிக் கடலுக்குள் போய்விடும்.

காலத்துக்கென்று தனி நிரல் கட்டாயம். கொம்பனித்தெருவில் ஒருவர் காட்டுகிற வீடு இடித்துப் போயிருக்கலாம், அவர் இப்போது மாடித்தொகுதி ஒன்றில் இருக்கலாம். கூகிள் ஏர்த் புரோவில் பழைய செய்மதிப் படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். அங்கே கூரை தெரிகிற ஆண்டில் நிறுத்தி, அதன்மேல் வரையுங்கள். '83க்கு முன்னால்' என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதுங்கள், ஆண்டாக மாற்றாதீர்கள்.

வெளியிடும்போது எவருடைய வீட்டையும் குறிக்காதீர்கள். ஆள்கூற்றை (நெடுங்கோடு, அகலக்கோடு எண்களை) மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் ஒரு படி ஏறத்தாழ 110 மீட்டர், கொட்டாஞ்சேனையில் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள். ஆனால் புள்ளியை மறைத்தாலும் கதை ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு தோட்டத்தில் தையல் மெஷின் வைத்திருப்பது ஒரே ஒரு பெண்ணென்றால், அந்த மெஷினே அவரது விலாசம். அதனால் வரைபடத்தை, கதை சொன்னவர்களிடம் திருப்பிக் கொண்டுபோய், ஒவ்வொரு கூற்றையும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆச்சிக்கும் வாசித்தேன். சண்டையைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், அந்தக் குடும்பம் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறதாம். எடுத்துவிட்டேன். படியும் மூலைக்கடையும் அவர் விரல் போட்ட வளையத்துக்குள் அப்படியே இருக்கின்றன.