மஞ்சளேறிய பழைய கணினியை வெளுக்க வைக்க

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு மேசைமேல் 1980களின் விசைப்பலகை ஒன்று இருக்கிறது. தோட்டத்து லயத்தில் இருந்த நாளிலிருந்து கூடவே வந்தது. தந்த நிறம் போய், வெற்றிலைக் கறைபோல் பழுப்பேறிவிட்டது. அது அழுக்கன்று; தேய்த்தால் போகாது. உறை செய்யப்பட்ட ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் வகையைப் புற ஊதாக் கதிரும் வெப்பமும் காற்றும் காலப்போக்கில் மாற்றிவிடுகின்றன. தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முடிதிருத்தகப் பொருள்கள் விற்கும் கடையில் 12 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் கேளுங்கள். இந்த அடர்த்தியைக் கடையில் '40 வால்யூம்' என்பார்கள்; அப்படிக் கேட்டால் கொடுப்பார்கள். மின்சுற்றுப் பலகை, திருகு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உறையை மட்டும் கழுவி உலர்த்துங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்; தோலில் பட்டால் வெண்மையாகி எரியும்.

கிரீமைச் சமமாகப் பூசி, உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளைக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். இங்குதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிரீம் ஓரிடத்தில் காய்ந்தால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். பிறகு அழிப்பது பெரும்பாடு. அரைமணிக்கு ஒருமுறை தாளின் மேலேயே விரலால் தடவிப் பரப்பி, உறையைத் திருப்பி வையுங்கள். நம் ஊரில் பிற்பகலில் மழை இறங்கிவிடும் என்பதால் காலையிலேயே வெயிலில் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்போது மனம் குளிர்ந்துவிடுகிறது!

துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை இதனுடன் கலக்கவே கூடாது. நன்றாக அலசி உலர்த்தியபின், ஜன்னலோரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மஞ்சள் சில ஆண்டுகளில் திரும்பக்கூடும்.