நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் சீனி வருத்தக்காரருக்கு

ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றத்தைப் பார்த்துத்தான் வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆட்கள் பலர் ரிக்கெற் போடுகிறார்கள். அவர்களில் ஐம்பது தாண்டியவர்களும் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களும் நிறையப் பேர். இது அவர்களுக்காக.

முதலில் வியர்வை. யாழ்ப்பாண வெயிலில் ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் பக்கத்தில் நிற்பவர் "வெக்கை தாங்கேல்லை" என்று சொல்லி நிழலில் இருத்திவிடுவார். இரத்தத்தில் சீனி குறைந்தாலும் இதே குணங்குறிகள்தான். வெக்கையில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாக உடம்பில் சேரும். அதோடு ரொறன்ரோவில் காரில் திரிந்தவர் இங்கே வீதி சுற்றி நடக்கிறார், விரதமும் பிடிக்கிறார். ஊசி அளவு மட்டும் மாறவில்லை என்றால் சீனி இறங்கத்தான் செய்யும். விரத நாட்களுக்கான அளவைப் பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்திருங்கள்.

சந்தேகம் வந்தால் உடனே விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். கனடா, லண்டன் கணக்கில் (mmol/L) 4க்குக் கீழே என்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஊரில் வேறு அலகில் (mg/dL) 70, 120 என்று சொல்வார்கள். கனடா, லண்டன் கணக்கை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். ஆண்கள் மேலாடை இல்லாமல் கோயிலுக்குள்ளே போவதால் குளுக்கோஸ் வில்லையை வேட்டி மடியிலாவது செருகி வையுங்கள்.

அடுத்தது கால். நரம்பு பாதித்த பாதத்துக்குச் சூடு தெரியாது. மத்தியான மணலில் வெறுங்காலுடன் நடந்தவர் கொப்புளத்தை இரவில்தான் காண்பார், அது ஆற மாதக்கணக்கில் எடுக்கலாம். காலைப் பூசைக்கோ மாலைக்கோ போங்கள், முருகன் கோபிக்கமாட்டார். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். புதியதைப் பிறிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள், உறைபெட்டியை ஒட்டாமல் வையுங்கள். பாவிக்கும் பேனைக்குப் பெரும்பாலும் 30 பாகைதான் எல்லை, யாழ்ப்பாணத்துப் பகல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கரண்ட் நின்றால், ஈரமான மண்பானைக்குள் சின்னப் பாத்திரம் வைத்து அதில் மருந்தை வைக்கலாம். வெயிலில் நிற்கும் வான் வண்டிக்குள் மருந்தையும் குத்திப் பார்க்கும் கீற்றுகளையும் ஒருபோதும் விடவேண்டாம்.

தண்ணீர்ப்பந்தலில் சர்பத்தை விட்டு மோரை வாங்குங்கள். இளநீரிலும் சீனி உண்டு, கணக்கில் சேருங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைக் குடிக்கவேண்டாம். தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள்: உடம்பு வறண்டால் சீனி ஏறும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசைகளை எடுப்பவர்கள் இன்னும் கவனம். அவை சிறுநீரைக் கூட்டி உடம்பை வறளச் செய்யும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அவற்றையும் மெற்ஃபோமினையும் நிறுத்தவேண்டுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

கூடப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருபக்கம் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அழைக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.